தோட்டத்து மணியும் பள்ளிக் கடிகாரமும்

ஒலிக்கும் பொருளுக்கும் 'மணி' என்று பெயர். அறுபது நிமிடம் கொண்ட கால அளவுக்கும் 'மணி' என்றே பெயர். மலாய் மொழியில் நேரம் சொல்ல வழங்கும் 'புக்குல்' என்னும் சொல்லுக்கும் 'அடித்தல்' என்பதே பொருள். இரு மொழியினரும் நேரத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டனர் என்பதற்கு இவ்விரு சொற்களும் போதிய சான்றாகும். கேட்பதற்கும் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. மணியோசையைக் கேட்பவன் வேறொருவன் அறிவித்ததை ஏற்கிறான். கடிகாரத்தைப் பார்ப்பவனோ தானே அறிந்துகொள்கிறான். நம் தொடக்கப் பள்ளிகளில் முதலாம் ஆண்டில் கற்பிக்கப்படும் 'மணி பார்த்தல்' என்னும் சிறு பாடத்தின் வரலாறு இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது என்பது என் கருத்து.

பழந்தமிழகத்திலும் பொழுதளத்தல் எல்லாருக்கும் உரிய வேலையாக இருந்ததில்லை. முல்லைப்பாட்டில் வரும் பாசறையில், கன்னல் எனப்படும் நாழிகை வட்டிலைக் கொண்டு நீரால் பொழுதை அளந்து அரசனுக்கு அறிவிக்கும் பணியாளரைக் காண்கிறோம். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தது அறுபது நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். இத்துணை நுண்ணிய கணக்கு இருந்தும், உழவனுக்கும் ஆயனுக்கும் அது தேவைப்படவில்லை. நிழலும் சேவலும் விடிவெள்ளியும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. ஆயினும் அவர்கள் தம் பொழுதைத் தாமே அறிந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. அந்த நிலை மாறியது தோட்டத்தில்தான்.

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், பத்தாங் பாடாங் மாவட்டத்தின் தலைநகராக விளங்குவது தாப்பா. கிழக்கே கேமரன் மலைக்குப் பாதை ஏறுகிறது; மேற்கே தெலுக் இந்தான் உள்ளது. முன்னர் தெலுக் ஆன்சன் என வழங்கிய அந்நகரில் 1885-இல் எழுப்பப்பட்ட சாய்ந்த கோபுரம் இன்றும் நிற்கிறது. நீர்த்தொட்டியாகவும் மணிக்கூண்டாகவும் பயன்படுமாறு லியோங் சூன் சோங் என்னும் சீனக் கட்டுநர் அதனைக் கட்டினார். வடக்கே ஈப்போவில், 1875-இல் கொலையுண்ட ஆங்கிலேய ரெசிடெண்டு பெர்ச்சின் நினைவாக 1909-இல் ஒரு மணிக்கூண்டு எழுந்தது. ஆக, தாப்பாவின் இருபுறத்து நகரங்களிலும் பொதுமக்கள் பார்க்கும்படி கடிகாரம் இருந்தது. இவற்றுக்கிடையே கித்தா மரக் காடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கோ அது எட்டாத பொருள். தோட்டத்தில் கடிகாரம் இருந்த இடங்கள் துரையின் பங்களாவும் கிராணியின் அலுவலகமுமே.

லயத்தில் இருந்தோர்க்கு ஒலியே கடிகாரம். அதிலும் தோட்டத்துக்குத் தோட்டம் வழக்கு வேறுபட்டது. ஓரிடத்தில் தப்பு அடித்தார்கள்; ஓரிடத்தில் மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள்; ஓரிடத்தில் வெண்கல மணி ஒலித்தது. விடியுமுன் முதல் ஒலி, எழுந்திருக்க. அடுத்தது பெரட்டுக்கு. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, நிரை பிரித்து விட்டபின் வெட்டுக்காடு. முற்பகல் கழிந்து பால் எடுக்க ஓர் ஒலி. பால் நிறுத்துக் கொட்டிய பிறகு வாளி கழுவும் நேரம். குழந்தைகள் இவ்வரிசையைத் தாலாட்டோடு சேர்த்தே கற்றார்கள். இருட்டில் ஆயாக் கொட்டகையில் கொண்டு விடப்பட்ட பிள்ளைக்கு, தாய் திரும்பும் நேரத்தை அறிவித்தது பால் எடுக்கும் மணிதான்.

இவ்வளவு முன்னதாக எழுப்பியது ஏன் என்று மாணவர் கேட்பதுண்டு. துரையின் கொடுமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. மரத்தின் பட்டைக்குள் உள்ள பாற்குழாய்களில் நீர் அழுத்தம் விடியற்காலையில்தான் மிகுதியாக இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். எனவே வேலையின் தொடக்கத்தை மரம் முடிவு செய்தது. மரத்தின் பொழுதை மனிதரின் நேரமாக மாற்றி அறிவிக்கும் உரிமைதான் துரையிடம் இருந்தது. தொழிலாளி தாமதமாக வந்தானா, குறித்த வேளைக்கு வந்தானா என்பதைச் சொல்லும் கடிகாரம் ஒரு தரப்பிடம் மட்டுமே இருக்கும்போது, வழக்குக்கு இடமே இல்லை.

நாட்கணக்கிலும் இதே நிலைதான். அன்றாட வருகை செக்ரோலில் பதிவாகும். தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை பேருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளிக்குச் சம்பளம் நாட்கூலி. மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் வெட்டுக் கூலியும் இல்லை. மாத முடிவில், எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் மழை, எத்தனை நாள் காய்ச்சல் என்று கணக்குக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். நாட்காட்டி படிக்கத் தெரியாதவர் கிராணி சொன்னதைப் பெற்றுக்கொண்டு கைநாட்டு வைத்தார். நேர்மையான கிராணிகள் பலர் இருந்திருப்பர்; ஆயினும் நேர்மையைச் சரிபார்க்கும் வழி தொழிலாளியிடம் இல்லை.

இச்சூழலில்தான் தோட்டப்பள்ளி வந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ குடியிருக்கும் தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. பள்ளி என்றால் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பல இடங்களில் அது ஒரு கொட்டகை. கற்பித்தவர் சில வேளை கங்காணி, சில வேளை கிராணி. செக்ரோல் எழுதிய கையே சிலேட்டில் எண்ணும் எழுத்தும் எழுதிக் காட்டியது. இதிலுள்ள முரணை வரலாற்று மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் கணக்குக் கேட்கும் அளவுக்குக் கற்றுவிட வேண்டும் என்று எந்தத் தோட்ட நிருவாகமும் பள்ளி கட்டவில்லை. ஆயினும் கிழமைப் பெயர்களையும் மாதப் பெயர்களையும் ஒப்பித்த சிறுவன் வீட்டுக்குப் போனதும், 'ஐயா, இந்த மாதம் முப்பத்தொரு நாள்' என்று தகப்பனிடம் சொல்லக் கூடியவனானான். அப்படிச் சொன்ன அன்று அந்த வீட்டில் முதன்முறையாக நாட்கணக்கு இரு தரப்பிடமும் இருந்தது.

நாட்காட்டி அறிவு கூலியோடு நிற்கவில்லை, குடியுரிமையையும் தொட்டது. நம் முன்னோரைப் பிறந்த நாள் கேட்டால், 'பெரிய வெள்ளம் வந்த வருசம்' என்பார்கள்; அஃது 1926-இன் பெருவெள்ளம். 'ஜப்பான்காரன் வந்த வருசம்' என்பார்கள். 'ஆடி மாசத்து வெள்ளிக்கிழமை' என்பார்கள். இவை பொய்யல்ல, ஓர் ஊருக்குள் முற்றிலும் பொருளுடைய கணக்குகளே. ஆனால் அரசாங்கப் பாரத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: நாள், மாதம், ஆண்டு. 1948-இல் அவசரகாலத்தின்போது அடையாள அட்டை வந்தது. 1957-இல் விடுதலையோடு புதிய குடியுரிமை விதிகள் வந்தன. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்றது. தாளில் பிறப்பையும் வாழ்வையும் காட்ட இயலாதவர்களில் பலர், தாம் பால் வெட்டிய மண்ணிலேயே அயலாராயினர், பலர் கப்பலேறினர். சிவப்பு அட்டையோடு முதுமை எய்தியவர்களை நம்மில் பலர் அறிவோம். படிப்பின்மை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வது அநீதி. சட்டமும் அலட்சியமும் வறுமையும் சேர்ந்து செய்த வேலை அது. எனினும் தேதி என்னும் சிறு பொருள் எவ்வளவு பெரிய கதவுக்குத் தாழ்ப்பாளாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

1990 முதல் வழங்கும் அடையாள அட்டை எண் பன்னிரண்டு இலக்கங் கொண்டது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றையே குறிக்கின்றன. இன்று சிறுவர்க்கென வழங்கும் 'மைகிட்' அட்டையிலும் அவ்வாறே. நாட்காட்டிப் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கு இதைவிடக் கைக்கு நெருங்கிய பாடப்பொருள் வேண்டுவதில்லை. ஒவ்வொரு குழந்தையும் தன் எண்ணைப் பிரித்துப் படித்து, தன் நாளை நாட்காட்டியில் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். கடிகாரம் காட்டும் நேரம் இயற்கை தந்தது என்றே குழந்தைகள் நம்புகின்றனர், பெரியவர்களும் நம்புகின்றனர். தாப்பாவின் வரலாறு இந்நம்பிக்கையை ஐந்து முறை கலைத்திருக்கிறது. தாப்பா ஏறத்தாழ 101 பாகை 16 கலை கிழக்கு நெடுங்கோட்டில் உள்ளது. பதினைந்து பாகைக்கு ஒரு மணி எனக் கணக்கிட்டால், அதன் இயற்கையான நேரம் கிரீனிச் நேரத்துக்கு 6 மணி 45 நிமிடம் முந்தியது. 1905 ஜூன் முதல் நாள் தொட்டு மலாயாவில் 7 மணி முந்திய நேரம் வழக்கில் இருந்தது. அந்தக் கடிகாரத்தில் தாப்பாவின் உச்சிப்பொழுது சராசரியாக 12.15. 1933 சனவரியில் கடிகாரத்தை 20 நிமிடம் முன் தள்ளினர், உச்சிப்பொழுது 12.35 ஆயிற்று. 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம், 12.45.

1942-இல் சப்பானியர் வந்தனர். தோக்கியோவில் என்ன நேரமோ அதுவே மலாயாவிலும் என்றனர். கடிகாரம் ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் முன் ஓடியது. சூரியன் தலைக்கு மேல் வந்தபோது கடிகாரம் 2.15 காட்டியது, பொழுது விடிந்தபோதே எட்டு மணி கடந்திருந்தது. நேரம் மட்டுமா? ஆண்டும் மாறியது. 1942 என்பது சப்பானியப் பேரரசுக் கணக்கில் 2602. செய்தித்தாளின் தலைப்பிலும் அலுவலகத் தாளிலும் அந்த எண்ணே வந்தது. ஓர் இரவில் அறுநூற்று அறுபது ஆண்டு மூத்துப்போன உலகத்தைக் குழந்தைகள் எப்படி விளங்கிக்கொண்டிருப்பர்! ஆனால் கித்தா மரம் தோக்கியோ நேரத்துக்குக் கட்டுப்படவில்லை. பால் எப்போதும் போல் விடியலில்தான் வடிந்தது. அந்நாள்களில் தாப்பா வழியாகவும் சயாம் இரயில் பாதைக்கு ஆட்கள் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே போனவர்களுக்கு நாட்காட்டி என்பதே இல்லாமற் போயிற்று.

1945 செப்டம்பரில் பழைய ஏழரை மணிக் கணக்கு மீண்டது. அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகள் மாற்றமில்லை. தீபகற்ப மலேசியாவுக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று 1981-இல் அரசாங்கம் முடிவு செய்தது. அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இரவு 11.30 ஆனபோது கடிகாரங்கள் 12 மணிக்கு நகர்த்தப்பட்டன. அரை மணி நேரம் யாரும் வாழாமலே கழிந்தது. 'அந்த அரை மணி எங்கே போயிற்று?' என்று வகுப்பில் ஒரு குழந்தை கேட்டால், ஆசிரியர் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாகாது. எங்கும் போகவில்லை, நாம் பெயர் வைக்கும் முறைதான் மாறியது என்று விளக்கினால், கடிகாரம் என்பது மக்கள் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை என்னும் பேருண்மையை அக்குழந்தை ஏழு வயதிலேயே தொட்டுவிடும். (தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆனதும் அதே 1982-இல்தான்; பெயரும் நேரமும் ஒரே ஆண்டில் மாறிய ஊர் அது.)

தோட்டத்துக்கும் நேரத்துக்கும் உள்ள இவ்வுறவு நமக்கு மட்டும் உரியதன்று. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் இந்திய நேரத்துக்கு ஒரு மணி முந்திய 'பாகான் நேரம்' என்று ஒன்று வழங்குகிறது. தோட்ட நேரம் என்பது அதன் பொருள். கிழக்குக் கோடியில் பொழுது முன்னதாக விடிந்துவிடுவதால், வெளிச்சத்தை வீணாக்காமல் வேலை வாங்க வெள்ளைக்காரத் துரைமார் செய்த ஏற்பாடு அது. துரைமார் போன பின்னும் நேரம் போகவில்லை.

1982-க்குப் பின் தாப்பாவில் சராசரி உச்சிப்பொழுது 1.15. ஆனால் 'சூரியன் தலைக்கு மேல் வந்தால் பன்னிரண்டு மணி' என்று இன்றும் சொல்லிக் கொடுக்கிறோம். சென்னைக்கு அது ஓரளவு பொருந்தும், தாப்பாவுக்குப் பொருந்தாது. காலை ஆறு மணி என்று படத்தில் சூரியனை வரைகிறோம். இவ்வூரில் ஆண்டு முழுவதும் பார்த்தாலும் ஏழு மணிக்கு முன் சூரியன் எழுவது அரிது. பிப்ரவரியில் ஏழரையை நெருங்கிவிடும். ஏழரை மணி வாக்கில் தொடங்கும் பள்ளிக்கு இருட்டில் புறப்பட்டு வரும் குழந்தையிடம், புத்தகத்துச் சூரியனைக் காட்டி 'காலை ஆறு மணி' என்றால், அது தன் கண்ணை நம்புமா, ஆசிரியரை நம்புமா? இராகு கால அட்டவணையும் இவ்வகையே. திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை என்பது ஆறு மணிக்கு விடியும் என்ற கணக்கில் எழுந்தது. நம் ஊரில் அந்நேரம் பொழுது அப்போதுதான் புலர்ந்திருக்கும். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கணக்கையாவது இவ்வூருக்கு ஏற்பப் போடலாம் அன்றோ?

நாட்காட்டியோ இந்நாட்டுக் குழந்தைக்கு ஒரு பெருங்காடு. வீட்டுச் சுவரில் தெய்வப் படம் போட்ட தமிழ் நாட்காட்டி ஒன்று. மளிகைக் கடைக்காரர் கொடுத்த, பந்தய நாள்களில் குதிரை படம் போட்ட காலண்டர் மற்றொன்று. அதில் ஒரே கட்டத்துக்குள் ஆங்கிலத் தேதியும் சீனத் தேதியும் இசுலாமியத் தேதியும் இருக்கும். கிழமைப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். தமிழில் அவை கோள்களின் பெயர்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என வரும். மலாய் மொழியில் பெரும்பாலும் அரபு எண்ணுப் பெயர்கள். 'அகாட்' ஒன்று, 'இஸ்னின்' இரண்டு. சீன மொழியில் திங்கட்கிழமைதான் ஒன்று. ஆக, திங்கட்கிழமை ஓரிடத்தில் இரண்டு, ஓரிடத்தில் ஒன்று, நம்மிடத்தில் நிலா. இதைச் சுமை என்று கருதுவோர் உளர். எனக்கு இது செல்வமாகவே தோன்றுகிறது. மூன்று வகையாகப் பெயரிட்டும் வாரம் ஏழு நாளாகவே இருப்பதைக் காணும் குழந்தை, பெயர் வேறு பொருள் வேறு என்று அறிகிறது.

பண்டிகைகளைக் கொண்டு இதனை மேலும் விளக்கலாம். இசுலாமிய ஆண்டு முற்றிலும் நிலவை ஒட்டியது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாள் குறைவு. ஆகவே நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் முன்னோக்கி வந்துகொண்டே இருக்கும். தீபாவளி நிலவை நோக்கினாலும் ஐப்பசிக்குள் அடங்கும். 2005-இல் நவம்பர் முதல் நாள் தீபாவளி. இரண்டு நாள் கழித்து நோன்புப் பெருநாள். அந்த ஆண்டில் தொடக்கப் பள்ளியில் இருந்தவர்கள் இரண்டும் எப்போதும் சேர்ந்தே வரும் என்று எண்ணியிருக்கக் கூடும். அடுத்த சில ஆண்டுகளே அவர்களுக்கு ஆசிரியராயின.

தமிழ் மாதங்களின் நாள் எண்ணிக்கை ஏன் ஒழுங்காக இல்லை என்று மாணவர் கேட்பர். மார்கழிக்கு 29 நாளும் ஆனிக்கு 32 நாளும் வருவதுண்டு. சூரியன் ஓர் இராசியைக் கடக்கும் காலமே நம் மாதம். பூமி சூலைத் தொடக்கத்தில் சூரியனுக்கு மிகத் தொலைவில் மெல்லச் செல்கிறது. சனவரித் தொடக்கத்தில் மிக அருகில் விரைந்து செல்கிறது. எனவே ஆனி நீளம், மார்கழி குறுக்கம். பிப்ரவரிக்கு 28 நாள் வந்ததற்குக் காரணம் உரோம் நகரின் பழவழக்கு. ஆனிக்கு 32 வந்ததற்குக் காரணம் வானம். புத்தாண்டு சித்திரையா தையா என்னும் பூசலைக் குழந்தைகளின் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. கிறித்து ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு வரும் என்ற கணக்கை மட்டும் கற்பித்தால், அது நல்ல கூட்டல் பயிற்சியுமாகும்.

பெரும்பொழுது ஆறு என்று இலக்கணம் படிக்கும் நம் மாணவர் முன்பனியையும் பின்பனியையும் தாப்பாவில் எங்கே காண்பர்? ஆயினும் இவ்வூர் பருவமற்ற ஊர் என்பது தவறு. ஆண்டின் தொடக்க மாதங்களில் கித்தா மரங்கள் இலையுதிர்க்கும், பழுத்துச் சிவந்த இலை தரையை மூடும், பால் குறையும். பிறகு இளந்தளிர் விடும். ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் காய் முற்றி, வெயிலில் 'பட்' என்று வெடித்து விதை சிதறும். பொறுக்க ஓடாத தோட்டப் பிள்ளை இல்லை. ஆண்டு நடுவில் டுரியான். ஆண்டின் கடைசி மாதங்களில் பெருமழை. தை மாதத்தில் ஈப்போ கல்லுமலைக்குக் காவடி. தோட்டத்துப் பிள்ளை மனப்பாடமின்றியே அறிந்திருந்த பன்னிரண்டு மாத வட்டம் இது. இதன்மேல் சனவரி, பிப்ரவரி என்னும் பெயர்களை ஒட்டியிருந்தால் பாடம் எளிதாகியிருக்கும். நம் பாடநூல்கள் நெடுங்காலம் பெயர்களை ஒப்பிக்கச் செய்தன, வட்டத்தைக் காட்டவில்லை.

கற்பிக்கும் முறையைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் பியாசே, குழந்தைகளின் காலவுணர்வைப் பற்றி 1946-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1928-இல் தாவோசு நகரில் ஐன்ஸ்டைன் எழுப்பிய வினாக்களே தம்மை அவ்வாராய்ச்சியில் இறக்கின என்று அவர் கூறியுள்ளார். இரண்டு பொம்மைகள் ஒரே வேளையில் புறப்பட்டு ஒரே வேளையில் நிற்கின்றன. ஒன்று விரைந்து சென்றதால் தொலைவு கூடுதல். எது அதிக நேரம் நடந்தது என்று கேட்டால், சிறு குழந்தைகள் தொலைவில் நிற்பதையே காட்டுகின்றன. இடத்தையும் காலத்தையும் அவர்களால் இன்னும் பிரிக்க முடியவில்லை. இப்பருவத்தில் கடிகார முகத்தைக் காட்டி நிமிடம் எண்ணச் சொல்வது வீண். முதலில் எது முன், எது பின் என்ற வரிசை வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரட்டு மணியும் பால் மணியும் இலவசமாகத் தந்த பாடம் அது.

அடுத்து, சிறிய முள். ஐரோப்பாவின் பழைய இயந்திரக் கடிகாரங்களுக்குப் பெரும்பாலும் ஒரு முள்ளே இருந்தது. நிமிட முள் பரவலாக வந்தது பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். மனித இனம் கற்ற வரிசையிலேயே குழந்தையும் கற்கட்டும். பெரிய முள்ளைக் கழற்றிவிட்டு, சிறிய முள்ளை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வைத்துக் காட்டினால், 'ஏழரை' என்று குழந்தை தானாகச் சொல்லும்.

இங்கே தமிழ் நமக்குச் செய்யும் உதவியை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஏழே கால், ஏழரை, ஏழே முக்கால்: மூன்றும் ஏழில் தொடங்குகின்றன, மூன்றிலும் சிறிய முள் ஏழைத் தாண்டி எட்டைத் தொடாமல் நிற்கிறது. சொல்லும் முள்ளும் ஒன்றுகின்றன. ஆங்கிலத்திலோ முக்கால் ஆனதும் 'எட்டுக்குக் கால் குறைவு' என்று திரும்பிக் கழிக்க வேண்டும். மலாயிலும் நம்மைப் போலவே ஏழுக்குப் பின் அரை சேர்ப்பதுதான் வழக்கு. ஆனால் நீரிணைக்கு அப்பால் இந்தோனேசியாவில் 'செத்தெங்கா டெலாப்பான்', அதாவது 'அரை எட்டு' என்றால் அஃது ஏழரை. டச்சுக்காரர் விட்டுச் சென்ற வழக்கு. ஒரே மொழிக் குடும்பத்துக்குள், கரை மாறினால் ஒரு மணி நேரம் தவறிவிடும். 2003 முதல் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்ட ஆண்டுகளில் நம் பிள்ளைகள் இக்கழித்தல் முறையோடு போராடியதை ஆசிரியர் பலர் அறிவர். 2009-இல் அக்கொள்கையைக் கைவிட முடிவு செய்யப்பட்டு, பாடம் படிப்படியாகத் தமிழுக்கு மீண்டது. மீண்டபின்னும் 'ஏழு மணி நாற்பத்தைந்து நிமிடம்' என்றே சொல்லச் செய்கிறோமேயன்றி, 'ஏழே முக்கால்' அருகி வருகிறது. இது வருந்தத்தக்கது.

நிமிடத்தில் மற்றோர் இடர் உண்டு. நாம் நேரத்தை 7.40 என்று புள்ளி வைத்து எழுதுகிறோம்; ரிங்கிட்டையும் சென்னையும் அவ்வாறே எழுதுகிறோம். 7.40-இலிருந்து 8.15 வரை எவ்வளவு நேரம் என்று கேட்டால், 75 நிமிடம் என்று எழுதும் பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேர் இருப்பர். அவர்கள் கழித்தலில் தவறவில்லை. நேரத்தைக் காசாக எண்ணினர். நூறுக்கும் அறுபதுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே உணர்த்த ஒரு நீண்ட கோடு போதும். 7.40-இலிருந்து எட்டுக்கு இருபது, எட்டிலிருந்து பதினைந்து, ஆக முப்பத்தைந்து என்று விரலால் நடந்து போகச் செய்தால் தவறு நின்றுவிடும்.

இன்று தாப்பாவைச் சுற்றிக் கித்தா குறைந்து செம்பனை பெருகிவிட்டது. செம்பனைக் குலைக்கு விடியற்கால அவசரம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போக, மக்கள் பட்டணத்து வீடமைப்புத் திட்டங்களுக்குப் பெயர்ந்தனர். பள்ளிகள் சில மூடின, சில இடம் மாறின. விடுதலை பெற்றபோது எண்ணூறுக்கும் மேற்பட்டு இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமே. தொழிற்சாலையில் முறை மாற்றி வேலை செய்யும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு, அம்மா வீட்டில் இருக்கும் நேரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. தோட்டத்து மணி தந்த வரிசையும் இல்லை. கைப்பேசியில் எண்ணாகத் தெரியும் நேரத்தை மூன்று வயதுக் குழந்தையும் படித்துவிடுகிறது. ஆனால் 7.40 என்று படிக்கும் குழந்தைக்கு, எட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பது தெரிவதில்லை. வட்ட முகம் காட்டும் நெருக்கத்தை இலக்கம் காட்டாது.

பள்ளித் திடலில் ஒரு கோலை நேராக நட்டு, பள்ளி விட்டுப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைக் கொண்டு அதன் நிழலை அளக்கச் செய்யலாம். நிழல் மிகக் குறுகும் நேரத்தை வகுப்பு நாட்காட்டியில் குறித்து வரட்டும். நவம்பர்த் தொடக்கத்தில் அது ஒரு மணியை ஒட்டி வரும். பிப்ரவரியில் ஒன்றரையை நெருங்கும். டிசம்பரில் நிழல் வடக்கே விழும். ஜூனில் தெற்கே விழும். ஏப்ரல் முதல் நாளை ஒட்டியும், செப்டம்பர் 12-ஐ ஒட்டியும், வானம் தெளிந்திருந்தால், ஒன்றே கால் மணி வாக்கில் சில நிமிடங்களுக்குக் கோலுக்கு நிழலே இராது.